1956 கிப்சன் இ.எஸ்-175: பெட்டியைத் திறந்தாயிற்று, எதைத் தொடலாம், எதை விடலாம்?

பெட்டிதிறந்தவன் எழுதியது:

வணக்கம். பெரியப்பா விட்டுப்போன கிப்சன் மின்கிட்டார் போன மாதம் என் கைக்கு வந்தது. பழுப்பு நிறக் கெட்டிப் பெட்டி, உள்ளே இளஞ்சிவப்பு மெத்தைத்துணி. மேற்பலகையில் ‘f’ வடிவில் வெட்டிய எஃப் துளை வழியே பார்த்தால் ஆரஞ்சு நிற முட்டைவடிவ லேபிள். அதில் இ.எஸ்-175டி என்று கையால் எழுதியிருக்கிறது. எண் ‘ஏ’ என்ற எழுத்தோடு தொடங்கி ஐந்து இலக்கம். காதுவைத்த கறுப்பு உறையோடு இரண்டு பி-90 பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச்சுருள்). முப்பது நாற்பது வருடமாக யாரும் வாசிக்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது, அவ்வளவு பளிச்.

குறைகள் நான்கு. வால்யூம் குமிழைத் திருப்பினால் ஆம்பில் கரகரவென்று மணலை அரைக்கிற சத்தம். கழுத்துப்பக்க பிக்கப் வரும், போகும். ஐந்தாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப்பட்டை) அழுத்தினால் உள்ளே எங்கேயோ ‘ஜிர்ர்’ என்கிறது. கம்பியை முறுக்கும் டியூனர்களின் பொத்தான்கள் ஆறில் இரண்டு சுருங்கி, காய்ந்த திராட்சை மாதிரி ஆகிவிட்டன.

என் திட்டம்: வால்யூம், டோன் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடை உறுப்பு) நான்கையும், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சையும் மாற்றிவிடுவது. புது ஃப்ரெட் போடுவது. கடைசியில் ஒரு நல்ல பாலீஷ். சரிதானே?

தூசிதட்டி எழுதியது:

ஐயோ. சால்டரிங் அயர்னைக் கீழே வையுங்கள், முதலில்.

ஈட்டிமரம் எழுதியது:

தம்பி, கையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் சும்மா பாருங்கள். நான் மேற்பலகை வளைந்த பழைய ஆர்ச்டாப் கிட்டார்களைப் பழுது பார்ப்பவள். நாசமான கிட்டாரைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை, அதில் கெடுக்க எதுவும் மிச்சமிருக்காது. உங்களுடையது மாதிரி நன்றாக இருப்பதுதான் பயம். நீங்கள் சொன்ன நான்கு குறையில் ஒன்றுக்குக்கூடப் புது பாட், புது ஃப்ரெட், பாலீஷ் தேவை என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

முதலில் தலை. நட்டுக்கு (கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை) பின்னால், டிரஸ் ராட் (கழுத்து வளையாமல் தாங்க உள்ளே ஓடும் இரும்புக்கம்பி) மூடிக்குக் கீழே, கழுத்தும் தலையும் சேருகிற இடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். அந்தக் கால கிப்சனில் தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். நட்டின் அடியில் டிரஸ் ராடுக்காக மரத்தைக் குடைந்திருப்பார்கள். பெட்டியோடு மல்லாக்க விழுந்தாலே அங்கே உடையும். ஒட்டி, மேலே வண்ணம் அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. விரல் நகத்தை மெதுவாக ஓட்டினால் தெரியும். புறஊதா டார்ச் கிடைத்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். பழைய நைட்ரோ லாக்கர் (அந்தக் கால மெருகுப்பூச்சு) மங்கலான பச்சை மஞ்சளாக ஒளிரும். பின்னால் பூசிய இடம் திட்டாக வேறு நிறத்தில் நிற்கும்.

இரண்டாவது, டியூனர்களைச் சுற்றி அடைத்த ஆணித்துளைகள் இருக்கின்றனவா? யாராவது பெரிய டியூனர் போட்டு, பிறகு பழையதைத் திருப்பி மாட்டியிருந்தால் துளை காட்டிக்கொடுத்துவிடும். மேற்பலகையின் வால்பக்கமும் அப்படியே. ஒரு காலத்தில் வைப்ரேட்டோ (சுரத்தை அசைக்கும் கைப்பிடி) பொருத்தியிருந்தால் அங்கே அடைப்பு இருக்கும்.

மூன்றாவது, உடம்பின் உள்ளே பல் மருத்துவரின் கண்ணாடி மாதிரி ஒன்றையும் சின்ன விளக்கையும் விட்டுப் பாருங்கள். மேற்பலகைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு தாங்குகட்டைகள் ஓடும். அவை பலகையை விட்டுப் பிரிந்திருக்கின்றனவா என்று மெல்லிய காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். இந்த மாடலின் உடம்பு அடுக்கு மேப்பிள், அதாவது பிளைவுட். செதுக்கிய முழுமரப் பலகை மாதிரி சட்டென்று விரியாது. ஆனாலும் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் கீழே அமுங்கியிருக்கலாம். உள்ளே பின்பலகையில் மையில் குத்திய ஒரு எண் இருக்கும். அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

கம்பி தளர்ந்து கிடந்தால் உடனே முழுச் சுருதிக்கு இழுக்காதீர்கள். ஆறு கம்பியும் சேர்ந்து அறுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். பல வருடம் தூங்கிய மரத்தை இரண்டு மூன்று நாளில் படிப்படியாக எழுப்புங்கள்.

பாதிராத்திரி எழுதியது:

எல்லாம் சரி அக்கா, ஆனால் இது கிட்டார், உற்சவமூர்த்தி இல்லை. வாசிக்க முடியாத கிட்டாரைப் பளபளவென்று பெட்டிக்குள் வைத்து என்ன பயன்? ஃப்ரெட் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், வாசியுங்கள்.

தூசிதட்டி எழுதியது:

பாதிராத்திரி, மாற்றாதே என்று யார் சொன்னார்கள்? தேய்ந்திருக்கிறதா என்று அளந்துவிட்டு மாற்றச் சொல்கிறார்கள். என் கதை இது. என்னிடம் இருந்த பழைய கிட்டாரில் கரகர சத்தத்துக்காக ஒருவரிடம் கொடுத்தேன். பாட், கெப்பாசிட்டர், ஒயர் எல்லாம் புதுசாகப் போட்டுத் திருப்பித் தந்தார். பழையது எங்கே என்று கேட்டால், ‘அந்தக் குப்பையா? தூக்கிப் போட்டேன்’ என்றார். கோபப்படவும் முடியவில்லை, அவர் சுத்தமாகத்தான் வேலை செய்திருந்தார். கரகர போனது உண்மை. அதோடு அந்தக் கிட்டாரின் பிறப்புச் சான்றிதழும் போனது.

பெட்டிதிறந்தவன் எழுதியது:

கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தலையில் விரிசல் இல்லை, புறஊதா வெளிச்சத்திலும் ஒரே சீராக இருக்கிறது. கூடுதல் துளை எங்கும் இல்லை. தாங்குகட்டைகள் ஒட்டியே இருக்கின்றன, காகிதம் எங்கும் நுழையவில்லை. பின்பலகையில் ‘வி’ என்ற எழுத்தும் நான்கு இலக்கமும். மெல்லிய கம்பிப் பக்கத்து எஃப் துளை வழியாக ஒரு பாட்டின் முதுகும் தெரிகிறது, அதில் 134622.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

134622 என்றால் 1946-ஆம் வருடம் 22-ஆம் வாரம் என்று நினைக்கிறேன். அப்படியானால் இது போருக்குப் பிறகு வந்த முதல் கிட்டார்களில் ஒன்று!

ஈட்டிமரம் எழுதியது:

சுரைக்காய், கொஞ்சம் பொறுங்கள். 1946-இல் இந்த மாடலே கிடையாது, இ.எஸ்-175 வந்தது 1949-இல். அதுவும் ஒரே பிக்கப்போடு. இரண்டு பிக்கப் வைத்த ‘டி’ 1953-இல்தான்.

134 என்பது பாட் செய்த சென்ட்ரலாப் நிறுவனத்தின் குறியெண். 137 என்றால் சி.டி.எஸ், 304 என்றால் ஸ்டாக்போல். ஐம்பதுகளில் வருடத்துக்கு ஒரே இலக்கம் போடுவார்கள், அடுத்த இரண்டு இலக்கம் வாரம். ஆக 6 என்றால் 1956, வாரம் 22. மே கடைசி, ஜூன் தொடக்கம்.

உள்ளே குத்தியது தொழிற்சாலை ஆணை எண், அதன் எழுத்து வருடத்தைச் சொல்லும். கிப்சனின் கலமசூ தொழிற்சாலையில் 1952-இல் ‘இசட்’டில் ஆரம்பித்து எழுத்துகளைப் பின்னோக்கி எண்ணினார்கள். ஒய், எக்ஸ், டபிள்யூ, வி. ‘வி’ என்றால் 1956. இரண்டும் ஒரே வருடத்தைச் சொல்கின்றன. லேபிளை ஒட்டுவது சுலபம். உடம்பை மூடும் முன் பின்பலகையில் குத்திய மையையும், பாட்டின் முதுகில் பொறித்த எண்ணையும் சேர்த்துப் பொய் சொல்லவைப்பது கஷ்டம். அதனால்தான் பாட்டை மாற்றாதீர்கள் என்று தூசிதட்டி கத்துகிறார். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: பாட்டின் தேதி ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும். மொத்தமாக வாங்கி அடுக்கி வைத்த பாட், ஒரு வருடம் கழித்தும் கிட்டாருக்குள் போயிருக்கலாம்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

பெயருக்கு ஏற்றபடி நடந்துகொண்டேன். மன்னிக்கவும்.

ஈட்டிமரம் எழுதியது:

இப்போது மின்சாரம். எதையும் திறக்காமலே பாதி தெரிந்துவிடும். கிட்டாரில் ஒயரைச் செருகுங்கள். மறுமுனை பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மல்டிமீட்டரின் இரண்டு முள்ளையும் வையுங்கள். வால்யூம் இரண்டும் முழுசாக 10-இல். ஸ்விட்சைக் கழுத்துப்பக்கம், நடு, பிரிட்ஜ்பக்கம் என்று தள்ளி மூன்று அளவும் எடுங்கள். அந்தக் கால பி-90 பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓமுக்குள் காட்டும். நடுவில் இரண்டும் இணையாகச் சேர்வதால் ஏறத்தாழ பாதி வரவேண்டும்.

ஆம்பில் செருகும் முன் ஒரு எச்சரிக்கை. பெரியப்பா வைத்திருந்த பழைய வால்வு ஆம்பும் கூடவே வந்திருந்தால், அதன் பிளக்கில் எத்தனை முள் என்று பாருங்கள். எர்த் இல்லாத இரண்டு முள் ஆம்பில் கசிவு ஏற்பட்டால், மின்சாரம் உங்கள் கம்பி வழியாகவே விரலுக்கு வரும். கிட்டாரின் கம்பிகள், அவற்றின் வால்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸ் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு சேர்ந்தவை. எர்த் உள்ள ஆம்பில் மட்டும் சோதியுங்கள்.

பெட்டிதிறந்தவன் எழுதியது:

ஆம்ப் வரவில்லை, என்னிடம் இருப்பது மூன்று முள்தான். அளவுகள்: பிரிட்ஜ்பக்கம் 8.1, நடு 4.0. கழுத்துப்பக்கம் முதலில் 7.8 காட்டியது, ஸ்விட்சை மறுபடி தள்ளியபோது எதுவும் இல்லை, விரலால் லேசாக ஆட்டினால் மறுபடி 7.8.

ஈட்டிமரம் எழுதியது:

பாருங்கள், பிக்கப் செத்துப்போகவில்லை. ஸ்விட்சின் தொடுமுனையில் படிந்த கருப்புதான் வம்பு செய்கிறது. ஆம்பை அணைத்துவிட்டு ஸ்விட்சை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நூறு முறை தள்ளுங்கள். சிரிக்காதீர்கள், முனைகள் ஒன்றோடொன்று உரசித் தானே சுத்தமாகும். குமிழ்களையும் ஒவ்வொன்றாக ஐம்பது முறை முனையிலிருந்து முனைவரை திருப்புங்கள். அதற்கும் கரகர போகாவிட்டால், எஃப் துளை வழியே நீளமான மெல்லிய குழாயை விட்டு, பாட்டின் மூன்று கால்கள் வெளியே வருகிற சந்தில் காண்டாக்ட் கிளீனர் ஒரு துளி. ஒரே துளி. துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற எண்ணெய் வேண்டாம், அது பாட்டுக்குள் பசையாகத் தங்கித் தூசியைப் பிடிக்கும்.

இதில் தோற்றால்தான் ஒயர் கொத்தை வெளியே எடுக்கும் பேச்சு. அப்போதும் எடுக்கும் முன் ஒவ்வொரு பாட்டின் தண்டிலும், ஸ்விட்சின் நுனியிலும், ஒயர் செருகும் ஜாக்கிலும் நீள நூல் கட்டிவிட்டுத்தான் உள்ளே தள்ளவேண்டும். நூல் இல்லாமல் திருப்பி மாட்டுவது கிணற்றில் விழுந்த செம்பைக் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கிற வேலை. ஜாக்கின் நட்டை இப்போதே கையால் தொட்டுப் பாருங்கள். இந்த மாடலில் ஜாக் பக்கவாட்டுப் பலகையில் இருக்கிறது. நட்டு கழன்றால் ஜாக் நேராக வயிற்றுக்குள் விழும்.

பாதிராத்திரி எழுதியது:

ஃப்ரெட் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

ஈட்டிமரம் எழுதியது:

சொல்கிறேன். பெட்டிதிறந்தவன், 60 செ.மீ. இரும்பு அளவுகோலும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வேண்டும். முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடம்போடு சேருகிற 14-ஆம் ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டில் இடைவெளி எவ்வளவு? 12-ஆம் ஃப்ரெட்டில் கனக்கம்பியும் மெல்லிய கம்பியும் எவ்வளவு உயரம்? அளவுகோலை ஃப்ரெட்களின் மேல் நீளவாக்கில் படுக்கவைத்தால் பிரிட்ஜில் எங்கே முட்டுகிறது? பிரிட்ஜின் திருகுச் சக்கரம் இறங்க இன்னும் எவ்வளவு இடம்? ஃப்ரெட்களில் பள்ளம் எங்கே?

பெட்டிதிறந்தவன் எழுதியது:

ஏழாம் ஃப்ரெட்டில் 0.45 மி.மீ. 12-இல் கனக்கம்பி 3.2, மெல்லியது 2.6. அளவுகோல் பிரிட்ஜின் உச்சிக்கு ஐந்தரை மி.மீ. கீழே முட்டுகிறது. சக்கரம் இறங்க 4 மி.மீ. இடம் இருக்கிறது. முதல் மூன்று ஃப்ரெட்டில் மெல்லிய இரண்டு கம்பிக்குக் கீழே மட்டும் லேசான பள்ளம். மற்றது புதுசு மாதிரி.

ஈட்டிமரம் எழுதியது:

நல்ல செய்தி. கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தவேண்டிய கிட்டாரில் சக்கரம் அடியில் உட்கார்ந்துவிடும், கம்பி அப்போதும் மேலேயே நிற்கும். அது வஜ்ஜிரம் போட்ட பொருத்து, நீராவி விட்டுப் பிரிக்கிற பெரிய வேலை. உங்களுக்கு வேண்டாம்.

டிரஸ் ராடை கால் சுற்று மட்டும் இறுக்குங்கள், கம்பியைத் தளர்த்திவிட்டு. ஒரு நாள் விட்டு அளந்து பாருங்கள், 0.2 அல்லது 0.25-க்கு வந்தால் போதும். கல் மாதிரி இறுகியிருந்தால் வலுக்கட்டாயம் செய்யாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிறகு பிரிட்ஜ். கணக்கு எளிது: 12-ஆம் ஃப்ரெட் பாதி வழி, அங்கே 1 மி.மீ. இறங்கவேண்டும் என்றால் பிரிட்ஜை 2 மி.மீ. இறக்கவேண்டும். கனக்கம்பி 2.2, மெல்லியது 1.7 என்று வைத்து ஆரம்பியுங்கள்.

பாதிராத்திரி, ஃப்ரெட்டுக்கு என் பதில்: இப்போது இல்லை. விரல்பலகையின் ஓரப்பட்டையை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டின் நுனியிலும் ஓரப்பட்டை ஒரு அரிசிநுனி அளவுக்கு மேலெழுந்து ஃப்ரெட்டை மூடியிருக்கும். தொழிற்சாலையில் ஃப்ரெட் போட்ட பிறகு ஓரப்பட்டையைச் சீவியபோது விட்டுவைத்த மேடு அது. புது ஃப்ரெட் போடும்போது பெரும்பாலும் அந்த மேடு போய்விடும், திரும்ப வராது. மூன்று ஃப்ரெட்டில் லேசான பள்ளத்துக்காக அதை இழப்பதா? அந்தப் பள்ளத்தால் கம்பி கரகரத்தால், அல்லது சுருதி தவறினால் பேசலாம். வாசித்துத் தேயட்டும், தேய்ந்ததும் நானே போடச் சொல்வேன்.

பாதிராத்திரி எழுதியது:

இந்தப் பதிலை ஏற்கிறேன். ‘வாசித்துத் தேயட்டும்’ என்ற இடத்தில் மட்டும் நாம் ஒரே கட்சி.

பெட்டிதிறந்தவன் எழுதியது:

பாலீஷ்?

தூசிதட்டி எழுதியது:

சிலிகான் கலந்த எந்தப் பாலீஷும் வேண்டாம். சிலிகான் லாக்கரின் விரிசலுக்குள் போய் உட்கார்ந்தால் நாளைக்கு அங்கே ஒட்டவும் முடியாது, பூசவும் முடியாது. ஸ்பிரிட் கூடவே கூடாது, நைட்ரோ லாக்கரைக் கெடுக்கும். பிழிந்த பருத்தித்துணி, பிறகு காய்ந்த துணி. கை அழுக்கு கட்டியாக இருக்கும் இடத்தில் மட்டும் நாப்தா (லைட்டரில் ஊற்றும் திரவம்) கொஞ்சம், காற்றோட்டமான இடத்தில், நெருப்புப் பக்கத்தில் இல்லாமல். சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிகின்றன இல்லையா? குளிரிலும் வெயிலிலும் லாக்கர் சுருங்கி விட்ட வெடிப்பு அது, அழுக்கு இல்லை. தேய்த்தால் போகாது. ரப்பர் வைத்த கிட்டார் ஸ்டாண்டும் வேண்டாம், நைட்ரோ லாக்கரில் தழும்பு போட்டுவிடும்.

சுருங்கிய டியூனர் பொத்தானைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அழுகும் செல்லுலாய்டு அது. அதிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருக்கிற உலோகத்தை அரிக்கும், மூடிய பெட்டிக்குள் இன்னும் வேகமாக. பெட்டியைத் திறந்தபோது கற்பூரமும் காடியும் கலந்த மாதிரி ஒரு வாசம் வந்ததா?

பெட்டிதிறந்தவன் எழுதியது:

வந்தது! பழைய சாமான் வாசம் என்று நினைத்தேன்.

ஈட்டிமரம் எழுதியது:

அந்த இரண்டு பொத்தானுக்கு மட்டும் புதுசு மாட்டலாம், டியூனர் பழையதே இருக்கட்டும். இன்னொன்று: வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழுது பார்க்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் அவசரப்படாதீர்கள். விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட்டாக இருந்தால், அந்த மரம் 1992 முதல் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் எல்லையைத் தாண்டினால் கிட்டார் சுங்கத்திலேயே தங்கிவிடும்.

இப்போது அந்த ‘ஜிர்ர்’. ஆம்ப் இல்லாமல் கேட்கிறதா?

பெட்டிதிறந்தவன் எழுதியது:

கேட்கிறது. ஸ்விட்ச் நூறு முறை வைத்தியம் பலித்துவிட்டது, கழுத்துப்பக்க பிக்கப் இப்போது போகவே இல்லை. குமிழ்களில் ஒன்றுக்கு மட்டும் அந்த ஒரு துளி தேவைப்பட்டது. ஜிர்ர் மட்டும் அப்படியே.

ஈட்டிமரம் எழுதியது:

கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்த ஒரு சுரத்தையே மீட்டிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு உறுப்பாக விரலால் அழுத்துங்கள். பிக்கார்டு (பலகையைக் கீறலிலிருந்து காக்கும் தகடு), அதன் தாங்கிக்கம்பி, டெயில்பீஸ், குமிழ்கள், டியூனரின் ஆணிகள், பிரிட்ஜின் சக்கரங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன். வெளியே எதுவும் அகப்படாவிட்டால் எஃப் துளைக்குள் விரலை விட்டு ஒயர்களைத் தொடுங்கள். கிப்சனில் அந்தக் கால பிக்கப் ஒயரின் மேல் உலோக வலை பின்னியிருக்கும், விறைப்பாக நிற்கும். பலகையில் பட்டால் வண்டு மாதிரி ரீங்கரிக்கும்.

பெட்டிதிறந்தவன் எழுதியது:

தங்கை மீட்ட, நான் அழுத்த, அரை மணி நேரம். பிக்கார்டை அழுத்தினேன், நிற்கவில்லை. டெயில்பீஸ், நிற்கவில்லை. பிரிட்ஜ் சக்கரத்தைப் பிடித்ததும் பாதி குறைந்தது, ஒரு சக்கரம் தளர்ந்திருந்தது. மீதிப் பாதி அக்கா சொன்ன அதே ஒயர். கழுத்துப்பக்க பிக்கப்பிலிருந்து வருவது, வளைந்து பின்பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரல் நுனியால் தூக்கினதும் சட்டென்று அமைதி. மறுபடி விட்டேன், ஜிர்ர். தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு சின்னப் பஞ்சு ஸ்பாஞ்சை அடியில் வைக்கட்டுமா?

ஈட்டிமரம் எழுதியது:

ஸ்பாஞ்ச் வேண்டாம், பத்துப் பதினைந்து வருடத்தில் பிசினாக உருகி ஒட்டும். அடுத்த தலைமுறை நம்மைத் திட்டும். ஒயரை மெதுவாக மேல்நோக்கி வளைத்துவிட்டாலே போதும். அப்படியும் நிற்காவிட்டால் கம்பளித்துணிப் பட்டை ஒன்றை ஒயரின் மேல் தளர்வாகச் சுற்றிவிடுங்கள்.

பெட்டிதிறந்தவன் எழுதியது:

வளைத்தேன், நின்றுவிட்டது. பொத்தான் இரண்டும் மாற்றியாயிற்று. பழையதைத் துளையிட்ட காகித உறையில் போட்டு, பெட்டிக்கு வெளியே தனியாக வைத்திருக்கிறேன். கம்பி உயரம் 2.2, 1.7. இப்போது கை இறங்க மாட்டேன் என்கிறது. ஒரே ஒரு வருத்தம், 12 முதல் 52 வரையிலான புதுக் கம்பி போட்டேன், ஐந்து கம்பி சுருதி சுத்தம். மூன்றாவது மட்டும் மேலே போகப் போகத் தூக்கலாகப் பேசுகிறது. பிரிட்ஜை நகர்த்தினால் மற்றது கெடுகிறது.

ஈட்டிமரம் எழுதியது:

மூன்றாவது சுற்றுக்கம்பியா, வெறுங்கம்பியா?

பெட்டிதிறந்தவன் எழுதியது:

வெறுங்கம்பி. அந்தச் செட்டில் அப்படித்தான் வந்தது.

ஈட்டிமரம் எழுதியது:

அதுதான். உங்கள் மரப் பிரிட்ஜின் உச்சியை உற்றுப் பாருங்கள், படி படியாக வெட்டியிருக்கும். மூன்றாம் கம்பியின் படி சுற்றுக்கம்பிக்காக வெட்டியது, அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். தட்டைச்சுற்று நிக்கல் செட் வாங்குங்கள், மூன்றாவதும் சுற்றியதாக. வெண்கலம் வேண்டாம், பிக்கப்பின் காந்தத்துக்கு அது சரியாகக் கேட்காது. பிரிட்ஜின் அடியைச் சுற்றி டேப் ஒட்டி அடையாளம் வைக்காதீர்கள், டேப்போடு லாக்கரும் வரும். ஒரு கம்பியைக் கழற்றினால் உடனே ஒன்றைப் போடுங்கள், பிரிட்ஜ் நகராது.

பெட்டிதிறந்தவன் எழுதியது:

போட்டாயிற்று, ஒவ்வொன்றாக. 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அங்கேயே தொட்டெடுக்கிற ஹார்மோனிக்கும் மூன்றாம் கம்பியில் இப்போது ஒன்றாக நிற்கின்றன. தங்கை கிட்டாரைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள்.